இத்தாலியில் உப்பளம் இல்லை

செய்யூரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையும் தெரிந்திருக்கும். 2024 அக்டோபரில் நானும் என் மனைவியும் இத்தாலிக்குப் போனோம். ஒன்பது ஊர் பார்ப்பதாகத் திட்டம். ஐந்து ஊரோடு நின்றுபோனது. "பாதியிலேயே இவளுக்கு முழங்கால் வீங்கிப்போச்சு, என்ன பண்றது" என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், கந்தசாமி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டும் சொல்லியிருக்கிறேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னதும் உண்டு. கேட்டவர்கள் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். "அவ்வளவு செலவு பண்ணிப் போயி..." என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். அந்தப் பரிதாபத்தை நான் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

முழங்கால் வீங்கியது நிஜம்தான். வீங்கவைத்தவன் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதற்கும் முன்னால், இங்கிருந்து கிளம்புவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அவளிடம் ஒரு பொய் சொன்னேன். அது இதுவரை யாருக்கும் தெரியாது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். புவியியல்தான் எனக்குப் பிடித்த பாடம். முப்பது வருஷத்துக்கு மேல், சுவரில் உலக வரைபடத்தை மாட்டி, குச்சியால் இத்தாலியைத் தொட்டு, "இது என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டிருக்கிறேன். "பூட்ஸ் சார்!" என்று வகுப்பே கத்தும். பிள்ளைகள் மாறினார்கள், பதில் மாறவில்லை. அந்த பூட்ஸில் ஒருநாள் நாமும் கால் வைக்க வேண்டும் என்று ஓர் ஆசை உள்ளுக்குள் கிடந்தது.

ஓய்வுபெற்ற பிறகு, பெங்களூரில் இருக்கும் மகள், "பிளைட் டிக்கெட் நான் போடறேன்பா. மத்ததெல்லாம் டூர் நடத்தறவங்ககிட்ட விட்டுடுங்க, நிம்மதியா போயிட்டு வாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கே வரைபடம் காட்டினவனைக் கொடி பிடித்தவன் பின்னால் போகச் சொல்கிறாளே என்று. "நானே பார்த்துக்கறேன்" என்றேன்.

அன்று இரவே பரணிலிருந்து அட்லஸை இறக்கினேன்.

ஊர்களை நான் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன். நம் மாமல்லபுரம் 1984-இல் அதில் ஏறியது என்று பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவன் ஆயிற்றே. உலகத்திலேயே அந்தப் பட்டியலில் அதிக இடம் பிடித்த நாடு இத்தாலி. 2024 ஜூலையில் டெல்லியில் நடந்த கூட்டத்தில் ரோமின் பழைய அப்பியா சாலையையும் சேர்த்தார்கள். மொத்தம் 60 ஆனது. அறுபதில் ஒன்பதாவது பார்க்காமல் திரும்புவதா? மிலானில் லியனார்டோவின் 'கடைசி விருந்து' ஓவியம் இருக்கும் தேவாலயம், வெனிஸ், ஃபிளாரன்ஸ், பீசா, கடலோரப் பாறைகளில் தொற்றிக்கொண்டிருக்கும் சிங்க்வே தெர்ரே கிராமங்கள், ரோம், நேப்பிள்ஸ், பொம்பேயி, அமால்ஃபி கடற்கரை. பதினோரு ராத்திரி, ஒன்பது ஊர். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். கும்பகோணத்தில் வேன் பிடித்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் முடித்துவிட்டு, "திங்களூர்ல அஞ்சு நிமிஷம்தான் கிடைச்சுது" என்று பெருமையோடு குறைப்படுவார்களே, அந்த வழக்கம் எனக்குள்ளும் ஊறிக் கிடந்தது.

ரயில் நேரங்களை எல்லாம் குறித்தேன். மிலானிலிருந்து வெனிஸ் இரண்டரை மணி நேரத்துக்குள். வெனிஸிலிருந்து ஃபிளாரன்ஸ் இரண்டு மணி நேரம் சொச்சம். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் ஒரு மணி பத்து நிமிஷம். அடேயப்பா, செய்யூரிலிருந்து பஸ் பிடித்து மதுராந்தகம் போய், ரயிலேறித் தாம்பரத்தில் இறங்குவதற்குள் அங்கே இரண்டு ஊர் பார்த்துவிடலாம் போலிருந்தது. மதுராந்தகம் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று யாராவது கேட்டால், "வரும்போது வரும்" என்று சொல்கிற ஆள் நான். அந்த நான், முன்பின் பார்த்திராத ஒரு தேசத்தின் ரயிலை நம்பி, ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் நாற்பது நிமிஷம் விட்டுக் கணக்குப் போட்டேன். ஓடுகிற நேரத்தைக் கூட்டினேனே தவிர, பெட்டியைக் கட்டும் நேரம், ரூமைக் காலி செய்யும் நேரம், பிளாட்பாரம் தேடும் நேரம், கழிப்பறைக்குச் சில்லறை தேடும் நேரம் எதையும் கூட்டவில்லை. அட்லஸில் அதற்கெல்லாம் நிறம் கிடையாது.

விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ. ஜூன் மாதத்துக்கு முன்னால் விண்ணப்பித்திருந்தால் 80-இல் முடிந்திருக்கும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, தங்கும் இடங்களின் ரசீது, நாள்வாரியாகப் பயணத் திட்டம் எல்லாம் கேட்டார்கள். நாள்வாரித் திட்டம்தானே, என்னிடம் மணிவாரியாகவே இருந்தது. கட்டம் போட்டு, ஊருக்கு ஒரு நிறம் தீட்டி, பஜாரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வாங்கினேன். லேமினேட் செய்தால் அதற்குப் பிறகு எதையும் அழித்து எழுத முடியாதே என்று கடைப் பையன் கேட்டான். "அழிக்கறதுக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றேன். ரயில் டிக்கெட்டுகளையும் மாற்றவோ திருப்பவோ முடியாத மலிவு ரகமாகவே பார்த்து வாங்கினேன். திட்டம் பிசகாது என்கிறபோது அதிகப் பணம் எதற்கு?

நல்ல புத்தி சொன்னவர் இல்லாமல் இல்லை. என்னிடம் படித்த ஒருவன் மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் சின்னதாகத் தங்கும் விடுதி நடத்துகிறான். அட்டையை அவனிடம் காட்டினேன். பாராட்டுவான் என்று எதிர்பார்த்தேன். விரலால் கட்டங்களை எண்ணிவிட்டு, "சார், தப்பா நினைக்காதீங்க. இத்தாலிக்காரங்க எங்கிட்ட வந்தா ஒரே ரூம்ல பத்து நாள் இருப்பாங்க. காலையில ஒரு ரதம் பார்ப்பாங்க, அப்புறம் டீ, அப்புறம் கடல். மறுநாள் அதே ரதத்துக்குத் திரும்பப் போவாங்க. பஸ்ல வந்து அர்ச்சுனன் தபசு, கடற்கோயில், அஞ்சு ரதம், லைட் ஹவுஸ் எல்லாத்தையும் ரெண்டு மணி நேரத்துல முடிக்கறது நம்மாளுங்கதான். ரெண்டு ஊரு போதும் சார். மிஞ்சிப்போனா மூணு" என்றான். எட்டாம் வகுப்பில் அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்தவன் எனக்குச் சொல்கிறானே என்று தோன்றியது. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அட்டை என் பைக்குள் பத்திரமாக இருந்தது.

இப்போது பொய்க்கு வருகிறேன்.

என் மனைவிக்குப் பிறந்த வீடு மரக்காணம். அவள் அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. அவளும் சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறையில் பாத்தி மிதிக்கப் போனவள். பாத்தியின் களிமண் இறுகும்வரை வரிசையாக நின்று காலால் மிதிக்க வேண்டும். அப்போதுதான் உவர்நீர் மண்ணுக்குள் இறங்காமல் நிற்கும். வெயிலில் நீர் வற்றி உப்பு பூத்ததும் பலகையால் வாரி வரப்பில் ஏற்றுவார்கள். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் தொடங்கினால் அடுத்த மழை வரும்வரை அதே வேலைதான். செய்யூருக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் இங்கேயும் கழிவெளிப் பக்கம் உப்பளம் இருப்பதைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது இன்றைக்கும் உப்பு அம்பாரம் கண்ணில் பட்டால் எட்டிப் பார்ப்பாள். "இந்த வருஷம் உப்பு வெளுப்பு பத்தலை" என்பாள். எனக்கு எல்லா வருஷமும் ஒரே வெள்ளைதான்.

ஆகஸ்டு மாதம், ஒரு சாயங்காலம், நான் அட்லஸைப் பரப்பி வைத்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் நிறைய பேசினேன். ரோமுக்கும் உங்க ஊருக்கும் ரெண்டாயிரம் வருஷத்து சொந்தம் என்றேன். முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் சோபட்மா என்று ஒரு துறைமுகம் வருகிறது, அது மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள் என்றேன். அதற்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த சிவப்பு மண்பாண்டங்கள் கிடைத்தன என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"ஏங்க, சுத்தி முச்சூடும் கடலா இருக்குதே. அங்க உப்பளம் இருக்குமா?"

இந்தப் பயணத்தைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவளாகக் கேட்ட ஒரே இடமும் அதுதான்.

"பார்த்துச் சொல்றேன்" என்றேன். அன்று இரவு அவள் தூங்கிய பிறகு போனில் தேடினேன். இருந்தது. ஒன்றல்ல, நிறைய. தூரத்தில் இருப்பவற்றைத் தள்ளிவிட்டால் செர்வியா என்று ஓர் ஊர், ஏட்ரியாட்டிக் கடலோரம். நாங்கள் வெனிஸிலிருந்து ஃபிளாரன்ஸ் போகும் ரயில் பொலோனியாவில் நிற்கும். அங்கே இறங்கி ரவென்னா போய், அங்கிருந்து ரிமினி போகும் ரயிலில் ஏறினால் செர்வியா. ஒரு நாள் செலவாகும். ஒரு ராத்திரி தங்க வேண்டும். கட்டத்தில் இடமில்லை. இடம் வேண்டுமென்றால் பீசாவையோ ஃபிளாரன்ஸின் ஒரு நாளையோ விட வேண்டும். செர்வியா யுனெஸ்கோ பட்டியலில் இல்லை. ஊரில் போய், "சாய்ந்த கோபுரம் பார்க்கலை, உப்பளம் பார்த்தோம்" என்று எப்படிச் சொல்வது? நம் கழிவெளியில் இல்லாத உப்பா?

மறுநாள் காலையில் அவளிடம், "அங்கெல்லாம் உப்பளம் கிடையாதும்மா. குளிர் தேசம்" என்றேன்.

"அதானே. வெயில் பத்தாது இல்ல?" என்றாள்.

நான் சொன்ன பொய்க்கு அவளே காரணமும் தேடிக் கொடுத்தாள். நான் தலையை ஆட்டினேன். பாடம் நடத்தின காலத்தில் ஒரு பிள்ளை தவறான பதில் சொன்னால் விடமாட்டேன், திருத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். அன்று திருத்தவில்லை. அடுத்த வாரம் அட்டையை லேமினேட் செய்தேன்.

அக்டோபர் 10, வியாழக்கிழமை மிலானில் இறங்கினோம். 'கடைசி விருந்து' ஓவியத்தைப் பார்க்கக் கால்மணி நேரம்தான் விடுவார்கள், அதற்கும் மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும் என்பது கிளம்புவதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. டிக்கெட் இல்லை. தேவாலயத்தின் வெளிச்சுவரோடு போட்டோ எடுத்துக்கொண்டோம். அட்டையில் மிலானுக்கு நேராக டிக் போட்டேன்.

வெனிஸைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழங்கால் அங்கேதான் போனது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வாசலிலேயே பெரிய கால்வாய். படகு பஸ் நிற்கிறது. ஏறினால் எங்கள் விடுதிக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். ஆளுக்கு ஒன்பதரை யூரோ. இரண்டு பேருக்குப் பத்தொன்பது. நம் பணத்தில் ஆயிரத்து எழுநூறு ரூபாயைத் தாண்டுகிறது. எழுபத்தைந்து நிமிஷம் செல்லுபடியாகும் ஒரு பஸ் டிக்கெட்டுக்கு! ஊரில் டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட்டே கிடையாது. போனில் பார்த்தேன், நடந்தால் இருபத்திரண்டு நிமிஷம் என்று காட்டியது. "நடந்துடலாம்மா, ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றேன்.

வெனிஸில் நானூறுக்கு மேல் பாலங்கள் இருப்பதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பாலங்கள் பெரும்பாலும் படிக்கட்டு என்று எனக்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏறும் பக்கம் படி, இறங்கும் பக்கம் படி. பெட்டிக்குச் சக்கரம் இருந்து என்ன பயன்? என் பெட்டி பதினெட்டு கிலோ. அவளுடையதில் சின்ன ரைஸ் குக்கர், பொன்னி அரிசி நாலு கிலோ, பருப்புப் பொடி, ஊறுகாய், மோர் மிளகாய். வெளியில் சாப்பிட்டால் செலவு என்று அதைக் கட்டச் சொன்னவனும் நான்தான். எட்டுப் பாலம். ஐந்தாவதில் அவள் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள், தண்ணீர்க் குடம் மாதிரி. ஆறாவதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தாள். நான் முன்னால் போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தேன். வழியும் இரண்டு முறை தப்பியது. இருபத்திரண்டு நிமிஷம், ஒன்றே கால் மணி நேரம் ஆனது. மறுநாள் காலை அவளால் வலது காலை மடக்க முடியவில்லை. "கொஞ்சம் நடந்தா சரியாப் போயிடும்" என்று சொல்லி நடக்கவைத்தேன். அட்டையில் அன்றைக்குப் பதினான்கு இடங்கள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஃபிளாரன்ஸுக்கு ரயில். பொலோனியாவில் நின்றது. பலகையைப் பார்த்தேன். இங்கே இறங்கினால் செர்வியா. அவள் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து எலுமிச்சை ஊறுகாயும் தயிர்ச்சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இது என்ன ஊரு?" என்றாள். "ஜங்ஷன்" என்றேன்.

ஃபிளாரன்ஸில் எங்களுக்கு இருந்த முழு நாள் திங்கட்கிழமை. உஃபீஸி கலைக்கூடம் திங்கட்கிழமை திறக்காது. மைக்கேலேஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காடெமியாவும் திறக்காது. ஒவ்வொரு ரயிலுக்கும் நிமிஷம் குறித்து வைத்தவன், எந்தக் கிழமை என்று பார்க்கவில்லை. அவளிடம், "உள்ளே கூட்டம் ரொம்ப இருக்காம்" என்றேன். இது சின்னப் பொய், கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் எழுத உட்கார்ந்தால் இதுவும் வந்து நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை பீசா. அங்கே உள்ளூர் ரயிலுக்கு இயந்திரத்தில் வாங்கும் காகித டிக்கெட்டைப் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். அது எனக்குத் தெரியாது. பரிசோதகர் வந்தார். டிக்கெட்டில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைக் காட்டினார், அபராதம் போட்டார். நான் வாத்தியார் குரலில் வாதாடினேன். முழு ரயில் பெட்டியும் திரும்பிப் பார்த்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அந்த டிக்கெட் விஷயம் மாமல்லபுரத்துக்காரனிடம் ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பீசாவில் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம். பெட்டிகளை ரயில் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, நொண்டிக்கொண்டு வந்தவளைக் கோபுரத்தின் முன்னால் நிறுத்தினேன். 1173-இல் கட்டத் தொடங்கியது, ஒரு பக்கம் மண் இளகியதால் கட்டும்போதே சாயத் தொடங்கியது, 1990-இல் மூடி, அடியிலிருந்து மண்ணை எடுத்துக் கொஞ்சம் நிமிர்த்தி 2001-இல் திறந்தார்கள் என்று பாடம் நடத்தினேன். அவள் கோபுரத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். "களிமண்ணு. அளத்து மண்ணு மாதிரி. இதுல இம்மாம் கனத்தை வெச்சா உக்காரத்தான் செய்யும்" என்றாள். நான் நாலு வாக்கியத்தில் சொன்னதை அவள் ஒன்றில் முடித்தாள்.

திரும்ப ரயில் நிலையத்துக்கு வந்தபோது, சிங்க்வே தெர்ரே போக ஏற வேண்டிய லா ஸ்பெசியா ரயிலுக்கு ஆறு நிமிஷம் இருந்தது. பெட்டியை வாங்கினேன். சுரங்கப்பாதைப் படிக்கட்டில் இறங்கி ஏறினால் பிளாட்பாரம். அவள் படிக்கட்டின் தலைப்பில் பெட்டியைச் சாய்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கியே இருக்கேன்."

"ரயில் போயிடும்மா."

"போவட்டும்."

"ஒரு வாரமா திட்டம் போட்டு..." என்று ஆரம்பித்தேன். ஒரு வாரமில்லை, நாலு மாதம். நான் கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்பதை எழுத எனக்குத் துணிவில்லை. "உன்னைக் கூட்டிட்டு வந்ததே தப்பு" என்பது அதில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவள் பதில் பேசவில்லை. "இன்னும் எத்தினி ஊரு இருக்குது?" என்று மட்டும் கேட்டாள். நான் அட்டையைப் பார்த்து எண்ணினேன். கோபத்திலும் சரியாக எண்ணினேன். "அஞ்சு."

ரயில் போனது. சிங்க்வே தெர்ரே போனது. பீசா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்து இரண்டு ராத்திரி அவள் காலுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தோம். நேப்பிள்ஸ், பொம்பேயி, அமால்ஃபி எல்லாவற்றையும் விட்டோம். மாற்ற முடியாத டிக்கெட்டுகள், திரும்ப வராத ரூம் வாடகை எல்லாம் போனது. மரக்காணத்துக்கு வந்துபோன யவன மாலுமிகள் ஜூலையில் எகிப்தை விட்டுக் கிளம்பினால், திரும்பும் காற்று வீச டிசம்பர், ஜனவரி வரை நம் கரையில் காத்துக் கிடப்பார்கள். வேறு வழியில்லை அவர்களுக்கு. வகுப்பில் பருவக்காற்றை இப்படித்தான் விளக்குவேன். பீசாவில் இரண்டு நாள் சும்மா கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் தாங்கினாள். ஜன்னல் வழியாகத் தெரிந்த ஒரு காய்கறிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லாத் தூங்கினாள்.

வியாழக்கிழமை ரோம். நாலு ராத்திரி ஒரே ஊர். வீக்கம் வடிந்துவிட்டிருந்தது. மெதுவாக நடந்தாள். தெருவுக்குத் தெரு நிற்கும் குடிநீர்க் குழாய்களில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "தண்ணிக்குக் காசு கேக்கலை பாருங்க, நல்ல ஊரு" என்றாள். பாந்தியானின் கூரை ஓட்டை வழியாக விழும் வெயில் நகர்வதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். நான் அவளோடு உட்கார்ந்தேன். இதை மாமல்லபுரத்துக்காரன் அன்றே சொன்னான் என்பது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை.

ஆனால் அந்த ஊர் என்னை விடவில்லை. பழைய பெட்டிக்கடைப் பலகைகள் சிலவற்றில் 'சாலி எ தபாக்கி' என்று எழுதியிருக்கும். உப்பும் புகையிலையும் என்று பொருள். நம்மூரில் எதை எதிர்த்து வேதாரண்யத்துக்கு நடந்தார்களோ, அதைப் போன்ற அரசாங்க உப்பு ஏகபோகம் அங்கே 1970-கள் வரை இருந்தது. வடக்கே போகும் சாலைக்குப் பெயர் வியா சலாரியா, உப்புச் சாலை. ரோமிலிருந்து ஏட்ரியாட்டிக் கரைக்குப் போன பாதை. வழக்கமாக இப்படி ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்தால் நின்று அவளுக்குக் கால்மணி நேரம் விளக்கம் சொல்வேன். அங்கே வாயைத் திறக்கவில்லை. "ஏன் பேசாம வர்றீங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

சனிக்கிழமை, விடுதிக்குப் பக்கத்துக் கடையில் தயிர் வாங்கப் போனோம். அவள் ஒரு தட்டின் முன்னால் நின்றுவிட்டாள். உப்புப் பாக்கெட். ஒரு கிலோ. உள்ளே கல்லுப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், விரலால் நெருடினாள்.

"இது கடலுப்புங்க. வெயில்ல காஞ்சது. இங்க உப்பளம் இல்லைன்னு சொன்னீங்களே?"

பாக்கெட்டில் செர்வியா என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. ஆட்களில்லாத கடை. அவள் கோபமாகவும் இல்லை. நான் சொன்னேன்: "வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும்."

அதை வாங்கிக்கொண்டாள். ஊருக்குக் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் சாக்லேட், அவளுக்கு உப்பு. அடுப்படி அலமாரியில் இரண்டாவது தட்டில் இன்றும் இருக்கிறது. அவள் பிரிக்கவில்லை. லேமினேட் செய்த அட்டை அரிசி டிரம்முக்கு மூடியாகிவிட்டது.

ஊர் திரும்பியதும் முழங்கால் கதையை ஆரம்பித்தேன். அதைச் சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது. போன மாதம் கந்தசாமி கோயிலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கோயிலைச் சுற்றி இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஒவ்வொன்றாக இருபத்தேழு வேதாளங்கள் உண்டு. வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு வேகமாகச் சுற்றினார். அவர் மனைவி தன் நட்சத்திரத்து வேதாளம் எது என்று குருக்களிடம் கேட்டு, அதன் முன்னால் மட்டும் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு நின்றார். "சீக்கிரம் வா, இன்னும் ரெண்டு கோயில் இருக்கு" என்றார் அவர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். செர்வியா வந்தபோது எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாக்கெட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். படித்து முடித்ததும் இரண்டு திருத்தம் சொன்னாள். ரயிலில் சாப்பிட்டது எலுமிச்சை ஊறுகாய் இல்லை, நாரத்தங்காய். வெனிஸில் பெட்டியைப் பிடித்தது ஒரு பெண் இல்லை, அம்மாவும் மகளும். அவற்றை மேலே மாற்றாமல் இங்கே எழுதுகிறேன், நான் எவ்வளவு கவனித்தேன் என்பது தெரியட்டும். மற்றதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அது அவளுக்கும் எனக்கும் உள்ள கணக்கு, இன்னும் தீரவில்லை.

இனி என்னிடம் இந்தக் கதையைக் கேட்டவர்கள் தயவுசெய்து அவள் காலைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம். என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு பிழைத்திருத்தம். இத்தாலியில் உப்பளம் உண்டு. செர்வியாவில் சுமார் 800 ஹெக்டேர். அங்கே கமிலோனே என்ற உப்பளத்தில் இன்றும் பழைய முறைப்படி கையால் வாருகிறார்கள். சிசிலியின் மேற்குக் கரையில் திராப்பனியில் காற்றாலைகளோடு உப்பளங்கள் உண்டு. பூட்ஸின் குதிகாலுக்கு மேலே மார்கெரிதா தி சவோயாவில் இருப்பது ஐரோப்பாவின் மிகப் பெரிய உப்பளங்களில் ஒன்று. செர்வியா போகும் வழியில் இருக்கிற ரவென்னா 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது, என் சிவப்புப் பேனா அதைத் தாண்டிப் போயிருக்கிறது. செர்வியாவில் உப்பு வாருவது பெரும்பாலும் கோடை முடிவில். வெயில் அங்கே போதுமான அளவுக்கு அடிக்கிறது.